வரப்போகும் பக்கி: 3.5 சி.சி. நைட்ரோ பந்தய வண்டியின் வடிவமைப்பு பற்றி ஒரு முன் விவாதம்



வண்டலூரிலிருந்து ஒரகடம் வழியாக நம் வாலாஜாபாத்துக்கு பஸ்ஸில் வருகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் என்று வண்டிக்கு வேண்டிய எல்லாமே இந்தச் சாலையின் இருபுறமும்தான் தயாராகின்றன. நம் சீனியர்களில் பாதிப் பேர் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் எந்தத் தொழிற்சாலையானாலும் அசெம்பிளி லைன் என்பது ஒரு ஆளுக்கு ஒரு வேலை. நாலு போல்ட், ஒரு டார்க் ரெஞ்ச், அடுத்த வண்டி. முழு வண்டியையும் ஒருவனே மனதில் வைத்து யோசிக்கும் வாய்ப்பு டிப்ளமோ முடித்து வேலைக்குப் போன பிறகு சுலபத்தில் கிடைப்பதில்லை. படிக்கும்போதே கிடைத்தால்தான் உண்டு.

அந்த வாய்ப்பை மூன்று கிலோ எடையில் தரக்கூடியது எட்டில் ஒரு பங்கு அளவு நைட்ரோ பக்கி. ரேடியோவால் ஓட்டப்படும் மண்தரைப் பந்தய வண்டி. இன்ஜின், கிளட்ச், மூன்று டிஃபரென்ஷியல், டிஸ்க் பிரேக், நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் எல்லாம் உண்டு. பொம்மை என்று நினைப்பவர்கள் கீழே வரும் கணக்குகளைப் பார்த்த பிறகு பேசட்டும். மும்பை ஐ.ஐ.டி.யின் டெக்ஃபெஸ்ட் விழாவில் 'ஃபுல் த்ராட்டில்' என்ற பெயரில் இன்ஜின் பொருத்திய ரிமோட் கார்களுக்குப் போட்டியே நடத்தியிருக்கிறார்கள். நாமும் ஒன்று செய்வதாக இருந்தால், உலோகத்தை வெட்டும் முன் காகிதத்தில் சண்டை போட்டுக்கொள்வது நல்லது. இந்தக் கட்டுரை அந்தச் சண்டைக்கான முதல் கல்.

முதலில் எல்லைக்கோடு. சர்வதேச விதிகளின்படி இன்ஜின் 3.5 சி.சி.க்கு மேல் போகக்கூடாது. டாங்க் 125 சி.சி. குறைந்தபட்ச எடை 3,200 கிராம். அகலம் 310 மி.மீ.க்குள், இரு அச்சுகளுக்கு இடையே 270 முதல் 330 மி.மீ. உலகக் கோப்பையின் இறுதிப் போட்டி ஒரு மணி நேரம் ஓடும். ஒரு டாங்க் ஒன்பது பத்து நிமிஷம்தான் வரும் என்பதால், நடுவில் ஆறேழு முறை பிட்டுக்கு வந்து எரிபொருள் நிரப்ப வேண்டும். ஆகவே வண்டி வேகமாக ஓடினால் மட்டும் போதாது, ஒரு மணி நேரம் கழன்று விழாமல் ஓட வேண்டும்.

பெரிய கம்பெனிகள் புது மாடல் விடப்போவதாகச் செய்தி வந்தால் உலகெங்கும் உள்ள ரசிகர்கள் "இந்த முறை என்ன மாற்றியிருப்பார்கள்?" என்று ஊகிக்க ஆரம்பித்துவிடுவார்கள். 2010இல் தாய்லாந்தின் பட்டாயாவில் நடந்த உலகக் கோப்பையை அமெரிக்கரான கோடி கிங், ஜப்பானின் கியோஷோ நிறுவனத்து இன்ஃபெர்னோ எம்.பி.9 வண்டியில் வென்றார். அந்த வண்டியையும் அதற்கு முந்தைய மாடல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முதல் பார்வையில் "எல்லாம் ஒண்ணுதானே" என்றுதான் தோன்றும். அடியில் அலுமினியத் தகடு, நடுவில் டிஃபரென்ஷியல், ஒரு பக்கம் இன்ஜின், மறுபக்கம் டாங்க், முன்னும் பின்னும் ஷாஃப்ட். இந்த அமைப்பு உறைந்துபோய் பல வருஷம் ஆகிவிட்டது. மாற்றமெல்லாம் மில்லிமீட்டரில்தான்: இன்ஜின் எவ்வளவு முன்னே, ஷாக் எவ்வளவு சாய்வு, சஸ்பென்ஷன் ஆர்ம் எவ்வளவு நீளம். புதுமை செய்கிறேன் என்று முதல் வண்டியிலேயே அமைப்பைத் தலைகீழாக்க வேண்டாம் என்பது என் கட்சி.

இன்ஜினை நாமே செய்யலாமா?

இந்தக் கேள்வியை யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். "நம்மகிட்ட லேத் இருக்கு, மில்லிங் இருக்கு, ஏன் செய்யக்கூடாது?" செய்யக்கூடாது. காரணம் சொல்கிறேன்.

இந்த இன்ஜினின் சிலிண்டர் விட்டம் சுமார் 16.3 மி.மீ., ஸ்ட்ரோக் 16.8 மி.மீ. நிமிஷத்துக்கு 35,000 சுற்று என்றால் வினாடிக்கு 583 சுற்று. பிஸ்டனின் சராசரி வேகம் கணக்குப் போட்டால் வினாடிக்கு 19.6 மீட்டர். முழு அளவு ரேஸ் கார்களுக்குச் சமமான எண் அது! இதில் பிஸ்டன் ரிங் கிடையாது. அலுமினிய பிஸ்டன், பித்தளை ஸ்லீவ், உள்ளே குரோம் பூச்சு. ஸ்லீவின் மேல்பக்கம் மெல்லிய கூம்பாகக் குறுகும். குளிர்ந்த நிலையில் பிஸ்டன் மேலே வந்தால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். சூடானதும் பித்தளை, சிலிக்கான் கலந்த பிஸ்டன் அலுமினியத்தைவிட அதிகம் விரிந்து, சரியான இடைவெளி தானாகவே அமைகிறது. இந்த வேலை மைக்ரான் கணக்கில் நடப்பது. நம் வெர்னியரின் மிகச்சிறு அளவே 0.02 மி.மீ., அதாவது 20 மைக்ரான். அளக்கவே முடியாததை எப்படிச் செய்வது?

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கோயமுத்தூர் எஸ். கரிவரதன் இந்தியாவில் ரேஸ் கார் கட்டியவர்களில் முதல் வரிசையில் வைக்க வேண்டியவர். அவர் இன்ஜின் தயாரிக்கக் கிளம்பவில்லை. கடையில் கிடைக்கும் மாருதி 800இன் இன்ஜினை எடுத்து, அதைச் சுற்றி ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டினார். அதுதான் ஃபார்முலா மாருதி. நரேன் கார்த்திகேயனின் முதல் பந்தயமே நம் பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் ஃபார்முலா மாருதியில்தான். பிற்பாடு அவர் 2005இல் ஃபார்முலா ஒன் வரை போனது ஊரறிந்தது. கரிவரதன் 1995இல் விமான விபத்தில் மறைந்தார். இன்ஜினை வாங்கி மற்றதைச் செய்தது அவர் வழி. இன்ஜின், சர்வோ, ரேடியோ, டிஃபரென்ஷியலின் பெவல் கியர், பேரிங், டயர் ஆகியவற்றை வாங்கிவிட்டு, சேசிஸ், ஷாக் டவர், இன்ஜின் மவுண்ட், பிரேக் பாகங்கள், ரேடியோ பெட்டி ஆகியவற்றை நாம் செய்வோம். அதுவே ஒரு வருஷ வேலை.

நைட்ரோ என்றால் என்ன

எரிபொருள் மூன்று பொருள்களின் கலவை: மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய். தீப்பொறி பிளக் இல்லை. பிளாட்டினம் கலந்த கம்பிச் சுருள் கொண்ட குளோ பிளக். ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் பேட்டரி கொடுத்துச் சிவக்க வைக்கிறோம். பிறகு மெத்தனால் ஆவி பிளாட்டினத்தோடு வினைபுரிந்து அந்தச் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ளும்.

நைட்ரோமீத்தேனில் வெப்ப ஆற்றல் அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர் எதிர். ஒரு கிலோ பெட்ரோலில் 44 மெகாஜூல், மெத்தனாலில் 20, நைட்ரோமீத்தேனில் வெறும் 11.3. அப்புறம் எப்படி சக்தி கூடுகிறது? இன்ஜினைக் கட்டுப்படுத்துவது எரிபொருள் அல்ல, காற்று. 3.5 சி.சி. சிலிண்டருக்குள் இவ்வளவு காற்றுதான் போகும். ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், மெத்தனாலுக்கு 6.45, நைட்ரோமீத்தேனுக்கு 1.7 போதும், ஏனென்றால் ஆக்ஸிஜனைத் தன் மூலக்கூறிலேயே சுமந்து வருகிறது. வகுத்துப் பாருங்கள். ஒரு கிலோ காற்றுக்குக் கிடைக்கும் ஆற்றல் பெட்ரோலில் 3.0 மெகாஜூல், மெத்தனாலில் 3.1, நைட்ரோமீத்தேனில் 6.6. இரட்டிப்புக்கும் மேல். தெர்மல் பேப்பரில் இந்தக் கேள்வி வந்தால் இந்த மூன்று எண்ணை எழுதுங்கள், முழு மார்க்.

மெத்தனாலுக்கு இன்னொரு குணம். ஆவியாகும்போது பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். காற்றால் மட்டுமே குளிரும் சின்ன இன்ஜின் சித்திரை வெயிலிலும் தாங்குவது அதனால்தான்.

இனி கசப்பான விஷயம். மெத்தனால் விஷம். 2023 மே மாதம் மரக்காணத்திலும் நம் செங்கல்பட்டுப் பக்கத்து மதுராந்தகத்திலும், 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியிலும் நடந்தவை மெத்தனால் கலந்த சாராயத்தால் நேர்ந்த சாவுகள். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல். தமிழ்நாட்டில் மெத்தனாலை வைத்திருப்பதற்கே தனி விதிகளும் உரிமமும் உண்டு. ஆகவே "நாமே கலந்துக்கலாம், செலவு கம்மி" என்ற பேச்சு வேண்டவே வேண்டாம். தயார் கலவையாக வருவதை, துறைத் தலைவர் கையெழுத்தோடு, முறையான விற்பனையாளரிடம் மட்டுமே வாங்க வேண்டும். ஹாஸ்டல் அறையில் ஒரு சொட்டுகூட இருக்கக்கூடாது. குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பவனைக் குழுவிலிருந்தே நீக்கிவிடலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிட்டில் ஒரு ஆள் தீயணைப்பானோடு நிற்க வேண்டியது அதற்காகத்தான்.

அடித்தகடு: 7075ஆ, 6061ஆ?

கம்பெனி வண்டிகளில் சேசிஸ் 3 மி.மீ. 7075-டி6 அலுமினியம். நமக்குக் கைக்கு எளிதாகக் கிடைப்பது 6061-டி6. "7075தான் விறைப்பா இருக்கும் சார்" என்று எல்லோரும் சொல்வார்கள். தவறு. இரண்டுக்கும் யங் மாடுலஸ் கிட்டத்தட்ட ஒன்றே, 70 கிகாபாஸ்கல் சுமார். ஒரே தடிமனில் இரண்டும் ஒரே அளவுதான் வளையும். வித்தியாசம் எங்கே என்றால், வளைந்தபின் பழைய நிலைக்குத் திரும்புமா என்பதில். 7075இன் ஈல்டு வலிமை 503 மெகாபாஸ்கல், 6061க்கு 276.

தகட்டின் வளைவுத் தாங்குதிறன் தடிமனின் இருமடிக்கு ஏற்ப வளரும். 3 மி.மீ. 7075க்கு 503 பெருக்கல் 9, அதாவது 4,527. 4 மி.மீ. 6061க்கு 276 பெருக்கல் 16, அதாவது 4,416. ஏறக்குறைய சமம்! அதாவது ஒரு மில்லிமீட்டர் கூடுதல் தடிமன் கொடுத்தால் சாதாரண அலுமினியமே போதும். அதற்கு விலை எடை. 350க்கு 110 மி.மீ. முழுத்தகடு என்று வைத்தால் முதலாவது 325 கிராம், இரண்டாவது 416 கிராம். வெட்டி எடுக்கும் துளைகளால் இரண்டுமே குறையும்.

ஆனால் இன்னொரு பக்க விளைவு இருக்கிறது. விறைப்பு தடிமனின் மும்மடியில் வளர்வது. நாலை மூன்றால் வகுத்து மும்மடியாக்கினால் 2.37. நம் சேசிஸ் இரண்டேகால் மடங்குக்கு மேல் விறைப்பாகிவிடும். விறைப்பு நல்லதுதானே என்றால், மேடுபள்ளத் தரையில் அப்படி இல்லை. கொஞ்சம் நெளியும் சேசிஸ் சக்கரத்தைத் தரையோடு வைத்திருக்கும். மரக்கட்டை போன்ற சேசிஸ் குதித்துக்கொண்டே போகும். ஆகவே 4 மி.மீ. தகட்டில் இன்ஜினுக்கும் முன் சஸ்பென்ஷனுக்கும் இடையே அடிப்பக்கத்தை மில்லிங்கில் இழைத்து 3.2 மி.மீ. ஆக்கலாம் என்பது ஒரு யோசனை. "அங்கேதான் உடையும்" என்பார்கள் எதிர்க்கட்சியினர். இழைப்பின் ஓரத்தை கூர்மூலையாக விடாமல் பெரிய ரேடியஸ் கொடுத்தால் உடையாது என்பது என் வாதம். இரண்டு தகடு வெட்டி இரண்டையும் ஓட்டிப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம்.

தாவிக் குதிப்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 3.4 கிலோ வண்டி ஒரு மீட்டர் உயரத்திலிருந்து சமதரையில் விழுகிறது. சஸ்பென்ஷனும் டயரும் சேர்ந்து 40 மி.மீ. அமுங்கி நிறுத்துகின்றன என்றால், சராசரி விசை எடையைப்போல் 26 மடங்கு: 88 கிலோ. ஒரு தடித்த ஆள் வண்டிமேல் ஏறி நிற்பதற்குச் சமம், அதுவும் ஒவ்வொரு லேப்பிலும்.

கியர் கணக்கு

கிளட்ச் பெல்லில் 13 பல், ஸ்பர் கியரில் 46 பல். டிஃபரென்ஷியலில் பினியன் 10, கிரவுன் 43. மொத்த விகிதம் 15.2. டயர் விட்டம் 112 மி.மீ. என்றால் சுற்றளவு 352 மி.மீ. இன்ஜின் 35,000 சுற்றில் சக்கரம் 2,300 சுற்று. வேகம் மணிக்கு 48.6 கி.மீ. 14 பல் பெல் மாட்டினால் 52 கி.மீ. ஓட்டத்தில் டயர் உப்பிப் பெரிதாகும் என்பதால் உண்மை வேகம் இன்னும் சற்று கூடும்.

டிராயிங் போடுபவர்கள் கவனிக்க: மாடுல் 1 என்றால் 13க்கும் 46க்கும் மைய தூரம் 29.5 மி.மீ.; 14 பல்லுக்கு 30. இந்த அரை மில்லிமீட்டருக்காக இன்ஜின் மவுண்ட் துளைகளை நீள்துளையாக வைக்க வேண்டும். வட்டத் துளை போட்டுவிட்டு பிறகு அரம் போட்டுத் தேய்ப்பது நம் ஒர்க்‌ஷாப்பின் தொன்றுதொட்ட வழக்கம், அதை இந்த முறை தவிர்க்கலாம். பல் இடைவெளி பார்க்க ஒரு துண்டு காகிதத்தை இரு கியருக்கும் நடுவே விட்டு இறுக்கினால் போதும். கிளட்ச் பெல்லுக்குள் 5-10-4 அளவு பேரிங் இரண்டு இருக்கும். எண்ணெய் இல்லாமல், கிளட்ச் சூட்டில் வெந்து, முதலில் சாவது அவைதான். நாலு ஜோடி உபரியாக வாங்கி வையுங்கள்.

மூன்று டிஃபரென்ஷியலுக்குள்ளும் சிலிக்கான் எண்ணெய் நிரப்புகிறார்கள். முன்னே 5,000, நடுவே 7,000, பின்னே 3,000 என்பது ஆரம்பத்துக்கு நல்ல எண்கள். நடு டிஃபரென்ஷியலில் ஏன் கெட்டியான எண்ணெய்? வண்டி முடுக்கும்போது எடை பின்பக்கம் சாய்கிறது, முன் சக்கரங்கள் லேசாகின்றன. டிஃபரென்ஷியல் சுலபமாகச் சுழல விட்டால் சக்தியெல்லாம் லேசான சக்கரத்துக்கே ஓடி, முன் டயர் சும்மா சுற்றிக் கரையும். எண்ணெயின் பிசுக்கு அதைத் தடுத்து பின்னுக்கும் பங்கு தருகிறது. ரொம்பக் கெட்டியாக்கினால் வளைவில் வண்டி திரும்ப மறுக்கும். ஷாக் எண்ணெய்க்கும் இதே நியாயம். ஏப்ரல் மே வெயிலில் ஒரு படி கெட்டியாகப் போடுங்கள், டிசம்பரில் இறக்குங்கள்.

காற்றில் பறக்கும்போது இன்னொரு வேடிக்கை. த்ராட்டில் கொடுத்தால் மூக்கு தூக்கும். பிரேக் அடித்தால் மூக்கு இறங்கும். சக்கரங்களின் சுழற்சி மாறும்போது வண்டி உடல் எதிர்த்திசையில் திரும்புகிறது, அவ்வளவுதான். நியூட்டன் மூன்றாம் விதி படித்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

நம் ஊர் மண்

பாலாற்று மணலைப் பார்த்ததும் "சூப்பர் டிராக்" என்று ஆசை வரும். வேண்டாம். ஆற்றுமணலின் குவார்ட்ஸ் கடினத்தன்மை மோஸ் அளவில் 7, பித்தளை 3 சுமார். ஒரு சிட்டிகை உள்ளே போனால் ஸ்லீவ் போச்சு. கல்குவாரி லாரிகள் கிளப்பும் தூசி அதைவிட மோசம், ஏனென்றால் அது இன்னும் மெல்லியது. களிமண் கலந்த செம்மண்ணை நீர் தெளித்து இறுக்கிய தரைதான் சரி. ஃபில்டரில் இரண்டு அடுக்கு ஸ்பான்ஜ், வெளி அடுக்கில் ஃபில்டர் எண்ணெய், ஒவ்வொரு நாள் ஓட்டத்துக்கும் பின் கழுவுதல். ஃபில்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே உள்ள ரப்பர் கழுத்தைக் கம்பி கட்டி இறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் இன்ஜினின் ஆயுள் அந்தக் கம்பிக் கட்டில்தான் இருக்கிறது.

ரேடியோ 2.4 கிகாஹெர்ட்ஸ், இந்தியாவில் அதற்கு உரிமம் தேவையில்லை. ஆனால் சிக்னல் அறுந்தால் என்ன ஆகும்? மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் 3.4 கிலோ வண்டியின் இயக்க ஆற்றல் 328 ஜூல். அதே வண்டி பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி மேலிருந்து, ஒருவர் காலில் விழுவதற்குச் சமம். ஆகவே சிக்னல் போனால் சர்வோ தானாக பிரேக்குக்குப் போகும்படி ஃபெயில்சேஃப் அமைக்க வேண்டும். பேட்டரியே செத்தால் அதுவும் வேலை செய்யாது. அதற்கு கார்புரேட்டரை மூடும் ஒரு சுருள் ஸ்பிரிங். இந்த இரண்டும் இல்லாத வண்டியை மைதானத்தில் இறக்கக்கூடாது. பார்க்க வருபவர்கள் ஜூனியர்கள், சில சமயம் அவர்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைகள்.

"இப்பல்லாம் எலெக்ட்ரிக் வந்துடுச்சே, எதுக்கு இந்த எண்ணெயும் புகையும்?" நியாயமான கேள்வி. அதே அளவு பக்கியில் பிரஷ்லெஸ் மோட்டாரும் 14.8 வோல்ட் லித்தியம் பேட்டரியும் வைத்து ஓட்டுகிறார்கள். சத்தமில்லை, மெத்தனால் தொல்லை இல்லை, தொடக்க முடுக்கமும் அபாரம். போட்டியில் ஜெயிப்பது மட்டுமே குறி என்றால் நானே எலெக்ட்ரிக்குக்கு ஓட்டுப் போடுவேன். ஆனால் கார்புரேட்டர் ஊசியை எட்டில் ஒரு சுற்று திருப்பியதும் சத்தம் மாறுவது, புகை குறைவது, ஹெட்டின் சூடு ஏறுவது இவையெல்லாம் ஒரே நிமிஷத்தில் காதாலும் கண்ணாலும் கற்றுக்கொள்ளும் பாடம். சேசிஸும் சஸ்பென்ஷனும் இரண்டுக்கும் பெரும்பாலும் பொது என்பதால், டிராயிங்கில் மோட்டார் மவுண்டுக்கும் துளை விட்டு வைத்தால் பின்னால் வரும் பேட்ச் மாற்றிக்கொள்ளலாம்.

இன்ஜின் வந்து சேர்ந்த முதல் நாள் செய்ய வேண்டியது: ஹேர் டிரையரால் ஹெட்டைச் சூடாக்கிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள், முன்சொன்ன இறுக்கம் தளரும். முதல் சில டாங்குகளை எரிபொருள் தாராளமாகப் போகும்படி வைத்து, பாதி த்ராட்டிலுக்கு மேல் போகாமல், ஒவ்வொரு டாங்குக்கும் பிறகு ஆற விட்டு ஓட்டுங்கள். ஓட்டத்தில் ஹெட் 100 முதல் 120 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கட்டும். வெப்பமானி துப்பாக்கி இல்லையென்றால் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள்; மூன்று நாலு வினாடியில் கொதித்து மறைந்தால் சரி, பட்டென்று சுண்டிப்போனால் உடனே நிறுத்தி மெயின் ஊசியைத் திறங்கள். மாலையில் டாங்கைக் காலி செய்து, மிச்சத்தை எரித்துத் தீர்த்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் கையால் சுற்றி, பிஸ்டனைக் கீழ்நிலையில் நிறுத்திவிட்டுப் போங்கள். மெத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும்; விட்டுவிட்டால் திங்கட்கிழமை காலை கிராங்க் பேரிங்கில் துரு இருக்கும்.